படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? மிக்ஸ்ட் மீடியா ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவரிசை மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் ஓவிய வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வருகிறவர்களில் சிலர் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். சிலர் தாமானில் (ஊர்க் குடியிருப்பில்) வளர்ந்து, பாட்டி சொன்ன தோட்டக் கதையோடு வருபவர்கள். அதனால் எங்கள் படங்களில் ரப்பர் பாலும் செம்மண்ணும் உரச் சாக்கும் தாராளமாகப் புழங்கும். பதில்களும் அந்தச் சாமான்களைச் சுற்றியே இருக்கும்.

முதலில், மிக்ஸ்ட் மீடியா என்றால் என்ன?

ஒரே படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊடகம் சேர்வது. பெயிண்டோடு காகிதம், துணி, மண், கம்பி, புகைப்படம் என எதுவும் வரலாம். 1912-இல் பிக்காசோ நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். பெரும்பாலும் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நம் நாட்டில் ஓவியர் இப்ராஹிம் ஹுசேன் அச்சையும் ஒட்டுவேலையையும் கலந்து 'பிரின்டேஜ்' என்று தனக்கென ஒரு முறையே வைத்திருந்தார்.

மற்ற ஓவியத்தில் முடிவு தெரிகிறது. இதில் மட்டும் ஏன் தெரியமாட்டேன் என்கிறது?

தாத்தாவின் முகத்தை வரைகிறீர்கள் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கத் தாத்தா இருக்கிறார், இல்லாவிட்டால் அவருடைய புகைப்படம் இருக்கிறது. சாமி சிலை செய்கிற ஸ்தபதிக்குக் கண் திறப்பது கடைசி வேலை. கண் திறந்தாயிற்று என்றால் உளியைக் கீழே வைத்துவிடலாம். பரிசோதனையாகச் செய்கிற படத்துக்கு ஒப்பிட முகமும் கிடையாது, திறக்கக் கண்ணும் கிடையாது. மேஜை மேல் இன்னும் ஒரு டப்பா பெயிண்டும் கொஞ்சம் துணியும் மிச்சம் இருந்தால், அவையே கூப்பிட ஆரம்பித்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகைப் படத்துக்கு இரண்டு முடிவுகள். ஒன்று கண்ணுக்கான முடிவு: இதற்கு மேல் சேர்க்கவோ எடுக்கவோ எதுவும் இல்லை என்கிற நிலை. மற்றது பொருளுக்கான முடிவு: காய்வது, ஒட்டுவது, நிறம் மாறி அடங்குவது. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. கண்ணுக்கான முடிவு பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருக்கும். பொருளுக்கான முடிவு நாம் கையைக் கழுவிய பிறகும் மாதக்கணக்கில் இழுக்கும், சில பொருளில் வரவே வராது. 'முடியவில்லை' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த முடிவைச் சொல்கிறீர்கள் என்பதைத்தான்.

சரி, கண்ணுக்கு முடிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொடங்கும்போதே பலகையின் பின்புறம் பென்சிலால் ஒரு வரி எழுதச் சொல்வேன். இந்தப் படம் எதைப் பற்றியது என்று ஒரே வரி. 'பெரட்டுக்குப் போகிற நேரத்து இருட்டு' (பெரட்டு, தோட்டத்தில் விடியுமுன் எடுக்கும் ஆள்கணக்கு) என்றோ 'அம்மாவின் கையில் காய்ந்த பால்' என்றோ. ஓவியன் தன் நோக்கத்தை எட்டிவிட்டால் படம் முடிந்தது என்பது ரெம்பிராண்டின் கருத்து என்று, அவருடைய வரலாற்றை எழுதிய ஹூப்ராகன் 1718-இல் பதிந்திருக்கிறார். நோக்கம் என்ன என்பதே மறந்துபோனால் எட்டினோமா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் அந்த வரி. நடுவழியில் படம் வேறு பக்கம் திரும்பினால் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், தப்பே இல்லை. வரி இல்லாமல் மட்டும் தொடராதீர்கள்.

அப்புறம் பார்வைச் சோதனைகள். படத்தைத் தலைகீழாக வையுங்கள். கண்ணாடியில் பாருங்கள். லியொனார்டோவே ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை அது. பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வும் பாரமும் கண்ணாடியில் உடனே தெரியும். போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறத்தை எடுத்த பிறகு படம் முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால், இருட்டும் வெளிச்சமும் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது மறைத்துப் பார்ப்பதை. படத்தில் நீங்கள் ஒட்டிய ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறையுங்கள். மறைத்ததும் படம் தவிக்கிறதா, இல்லை நிம்மதியாக மூச்சு விடுகிறதா? தவித்தால் அது இருக்கட்டும். நிம்மதியானால் அது அதிகப்படி. ஒன்றைக்கூட மறைக்க முடியவில்லை, சேர்க்கவும் எதுவும் தோன்றவில்லை என்றால் தூரிகையைக் கழுவி வைத்துவிடலாம்.

டீச்சர், எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இன்னும் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கிறது.

இதற்கு ஒரு படத்தை வைத்தே பதில் சொல்கிறேன். ஒரு மாணவி செய்தது. பிளைவுட் பலகையில் சலித்த செம்மண்ணை அக்ரிலிக் மீடியத்தில் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் குழம்பில்) குழைத்துத் தளம் போட்டிருந்தார். இடது பக்கம், கங்காணியாக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) இருந்த அவருடைய தாத்தா வைத்திருந்த செக்ரோல் (வருகைப் பதிவு) தாளின் நகல்: பெயர் வரிசை, பக்கத்தில் கட்டம் கட்டமாகக் குறிகள். அதன் குறுக்கே, ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டிலிருந்து உரித்தெடுத்த, காய்ந்த ஒட்டுப்பால் இழை ஒன்று, பழுப்புக் கயிறு மாதிரி சரிவாக ஓடியது. வலது கீழ் மூலை வெறும் செம்மண். தூரத்தில் நின்று பார்த்தால் அந்த இழைதான் முதலில் தெரியும். கிட்டே வந்தால்தான் பெயர்கள். அந்த வரிசையில் கண்ணை நகர்த்தியதே படத்தின் சாமர்த்தியம்.

அடுத்த வாரம் வந்தபோது மூலையில் பாத்தேக் சாரோங் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அதற்கடுத்த வாரம் சாரோங்கைச் சுற்றித் தங்க நிறக் கோடு. தங்கம் வந்ததும் பெயர்கள் மங்கிவிட்டன. அதைச் சரிக்கட்டப் பெயர்களின் மேல் வெள்ளைப் பேனா. ஒவ்வொரு திருத்தமும் அதற்கு முந்தின திருத்தத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. படத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

குறைகிறது என்ற உணர்வு வரும்போது அது எங்கே என்று விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா பாருங்கள். 'இந்த இடத்தில் இருட்டு போதவில்லை' என்று காட்ட முடிந்தால் அது நிஜக் குறை, போய்ச் செய்யுங்கள். 'என்னமோ தெரியலை, பொதுவா குறையுது' என்றால் குறை படத்தில் இல்லை. வேலை முடிந்த வெறுமை அது, கை சும்மா இருக்க மறுக்கிறது. அந்தக் கைக்குப் புதுப் பலகை ஒன்றைக் கொடுங்கள். பழையதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். சில வாரம் கழித்துத் திருப்பினால், முதல் பார்வையில் எங்கே கண் முட்டுகிறதோ அங்கே மட்டும் கை வையுங்கள்.

காலி இடம் விட்டால் வீட்டில் 'இன்னும் முடிக்கலையா' என்கிறார்கள்.

சொல்லட்டும். நம் வீடுகளில் கூடம் நிறையப் படம் மாட்டியிருப்பார்கள், வெறுமை அவர்களுக்குப் பழக்கமில்லை.

ஆனால் காலி இடம் விட்டால்தான் நவீனம் என்றும் நினைக்க வேண்டாம். சென்னைக்கு அருகே 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்க முன்நின்ற கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைப் பாருங்கள். எழுத்து, கட்டம், ஜாதகச் சக்கரம் போன்ற உருவங்கள் என்று இண்டு இடுக்கு இல்லாமல் நிறைந்திருக்கும். அவையும் முடிந்த படங்கள்தான். நிறைவு என்பது எவ்வளவு இடம் மூடப்பட்டது என்ற கணக்கு அல்ல.

மிஞ்சிப் போய்விட்டது. பின்னால் வர முடியுமா?

எதனால் ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைப் பசை என்றால் வெதுவெதுப்பான ஈரத்துணியை மேலே போட்டு வைத்தால் இளகும், மெல்ல உரிக்கலாம். காகிதத்தின் தோல் கொஞ்சம் போகும், பரவாயில்லை. காய்ந்த அக்ரிலிக் தண்ணீருக்கு அசையாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், அல்லது மேலே வேறு அடுக்குப் பூசி மூடலாம். உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம்.

தேய்த்த தடம் படத்துக்கு நல்லதாகவும் முடியலாம். அமெரிக்க ஓவியர் டி கூனிங் 'பெண் I' படத்தை 1950-இல் தொடங்கி, பூசிச் சுரண்டி, மறுபடி பூசி, ஒரு கட்டத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியே வைத்துவிட்டார். கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பீரோ பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் மீண்டும் எடுத்து 1952-இல் முடித்தார். அந்தச் சுரண்டலெல்லாம் படத்தின் பலமாகவே நிற்கிறது.

ஒரே ஒரு யோசனை: ஒட்டுவதற்கு முன் வெறுமனே வைத்துப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுங்கள், இரவு தூங்கி எழுந்து பாருங்கள். பசை அவசரப்படாது.

ரப்பர் பாலைப் படத்தில் பயன்படுத்தலாமா? அது எப்போது 'முடியும்'?

கித்தாக் காடு (ரப்பர்த் தோட்டம்) சூழ்ந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளிலிருந்துதானே இந்த நாட்டின் ரப்பர் கதையே ஆரம்பிக்கிறது.

பயன்படுத்தலாம். ஆனால் முடிவே இல்லாத பொருளைக் கையில் எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். மரத்திலிருந்து இறக்கிய பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். ஆகவே பூசும்போது வெள்ளையாகத் தடித்து நிற்பது காய்ந்ததும் மெலிந்து, தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும். பூசிய அன்று பார்த்துவிட்டு 'முடிந்தது' என்று சொல்லாதீர்கள், படம் இன்னும் பிறக்கவே இல்லை.

அதோடு நிற்காது. காற்றும் வெளிச்சமும் பட்டு வருடக்கணக்கில் அது கருத்துக்கொண்டே போகும். முதலில் பிசுபிசுக்கலாம், பிறகு இறுகி நொறுங்கலாம். அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ் 1960-களின் கடைசியில் ரப்பர் பாலில் செய்த சிற்பங்கள் இன்று கருத்து விறைத்துப் போயிருக்கின்றன. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய பெரிய படைப்பு, செய்தபோது திரைச்சீலை மாதிரி விரிந்து சுருங்கியது, இன்று அப்படி அசைக்க முடியாது. அந்தப் பொருள் நீடிக்காது என்பது அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஆக, தொடங்குவதற்கு முன்பே முடிவெடுங்கள்: இந்தக் கருப்பும் வெடிப்பும் என் படத்தின் பகுதியா, இல்லை கெடுதலா? பகுதி என்றால் நீங்கள் கை எடுக்கும் நாளில் உங்கள் பங்கு முடிந்தது, மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். கெடுதல் என்றால் ரப்பர் பாலைத் தொடாதீர்கள். தேன் நிறம் போதும் என்றால் அக்ரிலிக் ஜெல்லில் பழுப்புச் சாயம் கலந்தே அந்தத் தோற்றத்தைக் கொண்டுவரலாம்.

நடைமுறைக்குச் சில: செம்புக் கம்பியை ரப்பரோடு சேர்க்காதீர்கள், செம்பு பட்டால் ரப்பர் வேகமாகக் கெடும். எண்ணெய் பெயிண்டும் டர்பன்டைனும் பட்டால் ஊதிக் கொழகொழக்கும். மங்கில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) தானாக உறைந்த கட்டிப்பாலை அப்படியே கொண்டுவந்து ஒட்ட நினைப்பவர்களுக்கு: அந்த வாடையை நான் சொல்லத் தேவையில்லை, கீழே கடைக்காரர் சொல்வார். புகைக்கூடத்தில் காய்ந்த ஷீட் துண்டு கிடைத்தால் அது எவ்வளவோ மேல். புகை பட்டதால் பூஞ்சணம் சட்டென்று பிடிக்காது, வரிவரியான அச்சும் அழகாக இருக்கும்.

மாறுவதையே கலையாக எடுத்துக்கொண்டவர்கள் நம் நாட்டிலும் உண்டு. 1974-இல் ஓவியர்கள் ரெட்சா பியாதாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் நடத்திய கண்காட்சியில் பாதி குடித்த கோக்க கோலா பாட்டில்களையும், பறவையைத் திறந்து விட்ட காலிக் கூண்டையும் வைத்தார்கள். கூண்டின் பெயரிலேயே பறவையை விட்ட தேதியும் நேரமும் இருந்தன. முடிந்த பொருளைவிட நடந்துகொண்டிருப்பதைப் பார் என்பதுதான் அவர்கள் வாதம். முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் ரப்பரில் வேலை செய்கிறவர் ஒருமுறையாவது யோசிக்க வேண்டிய வாதம்.

மஞ்சள், குங்குமம், செம்மண், துரு, பழைய பத்திரிகை, செம்பனை நார்: எதை நம்பலாம்?

செம்மண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு வெளுக்காது. கழுவி, சலித்து, நன்றாக உலர்த்தி, வேர் தூசி இல்லாமல் எடுங்கள்.

மஞ்சளை நம்பாதீர்கள். பூசிய அன்று கண்ணைப் பறிக்கும், ஜன்னலோர வெளிச்சத்தில் வெகு சீக்கிரம் வெளுத்துவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமமும் அப்படித்தான், புளிப்பு பட்டால் சிவப்பு திரும்ப மஞ்சளாகவும் ஆகும். சடங்கின் நினைவுக்காக மஞ்சள்தான் வேண்டும் என்றால் அதைக் கொஞ்சமாக வைத்து, அதே இடத்துக்கு அடியில் மஞ்சள் அக்ரிலிக் ஒரு பூச்சுப் போட்டு வையுங்கள். மேலே உள்ளது போனாலும் நிறம் நிற்கும்.

பத்திரிகைத் தாள் பழுக்கும், அதில் உள்ள மரக்கூழின் குணம் அது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய பிரதி யார் வீட்டிலாவது இருந்தால், தயவு செய்து அசலை ஒட்டாதீர்கள். லேசர் பிரிண்டரில் நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் நகல் மீடியம் பட்டதும் கலங்கி ஓடும்.

துரு பிடித்த தகரம் எல்லோருக்கும் பிடிக்கும். தண்ணீர் கலந்த மீடியம் பட்டதும் புதுத் துரு கிளம்பி, பக்கத்துக் காகிதத்தில் கறையாக ஊறும். கறை வேண்டாம் என்றால் டர்பன்டைன் வகை வார்னிஷால் முதலில் மூடுங்கள். செம்பனை நார், இலை, பூ எல்லாம் எலும்பாகக் காயட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரைக்காய்ச்சலாக ஒட்டினால் உங்களுக்கு முன் பூஞ்சணம் அந்தப் படத்தை முடித்துவிடும்.

காய எவ்வளவு நாள்? வார்னிஷ் எப்போது?

அக்ரிலிக் தொட்டால் ஒட்டாமல் இருப்பது நிமிடங்களில் வரும், தடித்த பூச்சு உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். எண்ணெய் பெயிண்ட் தடிப்பாக இருந்தால் வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுங்கள். அக்ரிலிக் மேல் எண்ணெய் பூசலாம். எண்ணெய் மேல் அக்ரிலிக் கூடாது, பிடிக்காமல் உரியும்.

அக்ரிலிக் நம் வெக்கையில் இளகும். காய்ந்துவிட்டதே என்று இரண்டு படங்களை முகத்தோடு முகம் சாய்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது இரண்டுமே போச்சு. நடுவே பேக்கிங் பேப்பர் வையுங்கள்.

கண்காட்சித் தேதி வந்துவிட்டது. அதுவே முடிவுதானே?

பாதி உண்மை. தேதி இல்லாவிட்டால் பலர் எதையும் முடிக்கவே மாட்டார்கள். 1832-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஆங்கில ஓவியர்களான கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலப் படமும் டர்னரின் கடல் படமும் பக்கத்தில் பக்கத்தில். கான்ஸ்டபிள் பத்து வருடத்துக்கு மேல் இழைத்த படம் அது. சுவரில் மாட்டிய பிறகும் அதில் சிவப்பைக் கூட்டிக்கொண்டிருந்தார். டர்னர் வந்து பார்த்தார், தன் சாம்பல் கடலில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார், போய்விட்டார். பிறகு வந்து அதை மிதவையாக மாற்றினார். எனக்கு டர்னர் பக்கம்தான் சாய்வு. ஒரே பொட்டு, அதுவும் எங்கே என்று தெரிந்த பொட்டு.

ஆனால் தேதிக்காகப் பசை காயாமல் கொண்டுபோகாதீர்கள். மண்டபத்துச் சுவரிலிருந்து தகரத் துண்டு யார் காலிலாவது விழும்.

கையெழுத்து எப்போது போடுவது?

சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து மறுபடி பார்த்த பிறகு. முன்னால் இடம் இல்லையென்றால் பின்னால் போடுங்கள், கையெழுத்துக்காக மூலையைக் கெடுக்க வேண்டாம்.

முடித்த படத்தைப் பல வருடம் கழித்துத் தொடலாமா?

உங்களிடம் இருக்கிற வரை தாராளமாக. அமெரிக்கக் கலைஞர் ராவ்ஷென்பெர்க் பஞ்சடைத்துப் பதப்படுத்திய ஆட்டையும் டயரையும் வைத்துச் செய்த 'மோனோகிராம்' 1955-இல் தொடங்கி, அமைப்பு மாறி மாறி 1959-இல்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. விற்றுவிட்டால் படம் வாங்கியவருடையது. பிரெஞ்சு ஓவியர் பொன்னார், அருங்காட்சியகத்தில் தொங்கிய தன் படத்தையே, காவலர் அசந்த நேரம் பார்த்துத் திருத்தினார் என்று ஒரு கதை உண்டு. வாங்கியவர் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போகும்போது பையில் தூரிகை வேண்டாம்.

ஒட்டியது பெயர்ந்தால் அது வேறு விஷயம். பழுதுபார்ப்பது உங்கள் பொறுப்பு, ஆனால் பழுதை மட்டும் பாருங்கள். பசை வைக்கப் போன இடத்தில் நிறத்தையும் மாற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

பின்புறம் என்னென்ன எழுத வேண்டும்?

தலைப்பு, வருடம், உங்கள் பெயர். அதன் கீழே அடியிலிருந்து மேல்வரை என்னென்ன பொருள், எந்த வரிசையில்: பிளைவுட், செம்மண், எந்தப் பசை, எந்த வார்னிஷ். ரப்பர் பாலோ மஞ்சளோ இருந்தால் 'நிறம் மாறும், மாறட்டும்' என்றோ 'வெயில் படாமல் வைக்கவும்' என்றோ உங்கள் முடிவைச் சேர்த்து எழுதுங்கள். தொடங்கும்போது எழுதிய பென்சில் வரியை அழிக்க வேண்டாம், அடித்துத் திருத்தியிருந்தாலும் அப்படியே விடுங்கள். மார்க்கர் பேனாவால் துணிக் கேன்வாஸின் பின்னால் எழுதாதீர்கள், மை முன்னால் ஊறி வரும். சட்டத்தின் கட்டையில் எழுதுங்கள்.